சனிக்கிழமையின் விலை

சம்பளப் பட்டியல் போடுகிறவனை ஒருவருக்கும் பிடிக்காது. பட்டியலில் பெயர் இருக்கிறவனுக்குக் காசு காணாது, பெயர் இல்லாதவனுக்கு என்னைக் கண்ணிலேயே காட்டக்கூடாது.

தொண்ணூறுகளில் ஒன்பது கோடைகாலம், மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஒரு சின்ன பேஸ்போல் அணிக்கு நான் பட்டியல் போட்டவன். யாரை எடுப்பது, யாரை விடுவது, எடுத்தவனுக்கு எவ்வளவு, விட்டவனுக்கு என்ன காரணம் சொல்வது என்பதெல்லாம் என் தலையில். ஊர்ச் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர்களே, பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குச் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்தவர்களே, திருவிழாவுக்கு உபயகாரர் தேடி வீடு வீடாக அலைந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். பேஸ்போல் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் முதல் இரண்டு வருஷம் விளங்கவில்லை.

கம்பளக் கடையில் ஒரு திங்கட்கிழமை

டண்டினோங்கில் றொஸ் என்பவருடைய கம்பளக் கடையில் நான் கணக்கெழுதுகிறவன். எண்பத்துமூன்று வரைக்கும் கொழும்பில் ஒரு தேயிலைக் கொம்பனியில் இதே வேலை பார்த்தேன். இங்கே வந்து மூன்று வருஷம் கோழித் தொழிற்சாலையில் ஈரத்தில் நின்ற பிறகு, கதிரையில் இருந்து செய்கிற வேலை என்று கிடைத்தது இதுதான். அதனால் றொஸ் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிற பழக்கம் முதல் கிழமையே வந்துவிட்டது. என் பெயர் ஸ்ரீதரன்; அவர் அதைச் 'சிறி' என்று வெட்டியபோதும் தலையைத்தான் ஆட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு வந்து, தானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து தேசிய லீக்கில் ஒரு பேஸ்போல் அணியை வாங்கிவிட்டதாகச் சொன்னார். வாங்கியதிலேயே காசு முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்குள் இருபத்துநாலு ஆட்டக்காரரைப் பிடிக்கவேண்டும், அது உன் வேலை என்றார். நான் அந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை என்றேன். பட்டியல்தானே, கம்பளமோ மனிதரோ எல்லாம் ஒன்றுதான் என்றார்.

கடை வேலை முடிந்த பின்னேரங்கள், சனி, ஞாயிறு எல்லாம் இனி இதற்கு. மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டு, இந்த மேலதிக வேலைக்கு எனக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே திகைத்துப்போனார். "சிறி, இது விளையாட்டு. விளையாட்டுக்கு யாராவது சம்பளம் கேட்பார்களா?"

இழப்பு மட்டும்

சிட்னி அணிக்குப் பின்னால் ஒரு பெரிய கொம்பனி நின்றது. எங்களுக்குப் பின்னால் கம்பளம் நின்றது. ஒவ்வொரு அணியும் நாலு வெளிநாட்டாரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி; அமெரிக்காவில் இருந்து வருகிற நல்ல பிட்ச்சர்களை, அதாவது பந்து எறிகிறவர்களை, சிட்னிக்காரர் முதலில் எடுத்துவிடுவார்கள். சந்தையில் மத்தியானத்துக்குப் பிறகு மீன் வாங்கப் போகிறவனின் நிலைமைதான் எனக்கு.

அதனால் உள்ளூரைத் தேடினேன். புறநகர்க் கழகங்களின் பழைய ஸ்கோர் புத்தகங்களை வாங்கி, பேரேடு வாசிப்பது போல வாசித்தேன். நல்ல ஆட்டக்காரர் கொஞ்சப் பேரல்ல. பிறகு ஏன் தேசிய லீக்குக்கு வருவதில்லை என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: சனிக்கிழமை. அவர்கள் குழாய் வேலை, மின்சார வேலை, ஓடு பதிக்கிற வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமை வேலைக்குக் காசு கூட. அதை விட்டுவிட்டு வர வீட்டில் விடமாட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர்களுக்கு ஆட்டத்தின் விலையைக் கொடுக்கத் தேவையில்லை, சனிக்கிழமை இழப்பதை மட்டும் கொடுத்தால் போதும்.

டேமியனை அப்படித்தான் பிடித்தேன். குழாய் வேலைக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், அருமையான கேட்சர். கேட்சர் என்பது மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவர். எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று விரலால் சைகை காட்டி ஆட்டத்தை நடத்துகிறவரும் அவர்தான். சனிக்கிழமை உனக்கு என்ன நட்டம் என்று கேட்டேன். யோசித்து ஒரு தொகை சொன்னான். பிறகு, வண்டிக்கு அடிக்கிற பெற்றோல் மிச்சம்தானே என்று அதையும் தானாகவே கழித்துச் சொன்னான். அந்தத் தொகையை ஒரு சதம் கூட்டாமல் எழுதிக்கொண்டேன். பட்டியலைப் பார்த்த றொஸ் முதன்முறையாக என் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அவர் அடுத்த வசனத்தைச் சொல்லும் வரைக்கும். "இதையே எங்கள் கம்பளம் பதிக்கிறவர்களுக்கும் செய்யலாமே."

இடியப்பமும் இடதுகைப் பிட்ச்சரும்

அமெரிக்காவில் இருந்து வருகிறவர்களுக்கு வீடு எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை வெட்டுவதற்கு றொஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்: அணியைச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொருவரை வீட்டில் வைத்துக்கொள்வது. அவர் வீட்டில் நீச்சல்குளம் திருத்துகிறார்களாம். எனவே கேட்டிஸ் என்ற இருபத்தொரு வயது இடதுகைப் பிட்ச்சர் நோபிள் பார்க்கில் எங்கள் மூன்று அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பிள்ளைகள் இரண்டும் ஒரே அறைக்குப் போனார்கள்.

நல்ல பெடியன். சத்தமில்லை, குடியில்லை. ஆனால் ஆறடி நாலங்குலம். என் மனைவி மாலதி ஒரு முதியோர் இல்லத்தில் பகல் வேலை செய்துவிட்டு வந்து, குசினிக்குள் நின்று இடியப்பம் அவித்தாள். நாங்கள் நாலு பேர் சாப்பிடுகிறதை அவன் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லி, கோப்பையையும் கழுவி வைத்தான். அவனில் கோபிக்க ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபம்.

அந்த வருஷக் கடைசியில் றொஸ் பங்காளிகளுக்கு எழுதிய அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான். வெளிநாட்டாரின் தங்குமிடமும் உணவும் 'செலவில்லை' என்று அதில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிரதியை மாலதி வாசித்தாள். அந்த இடத்தில் விரலை வைத்தபடி கேட்டாள். "இஞ்சேருங்கோ, அடுத்த வருசம் பட்டியல் போடேக்க என்ர பேரையும் போடுங்கோ. காசுக்கு நேர சைபர் எண்டு போட்டாலும் பரவாயில்லை. பேர் இருக்கட்டும்."

பெலிக்கன்

மூன்றாம் வருஷம் எங்கள் ஷோர்ட்ஸ்டொப்பை சிட்னிக்காரர் கேட்டார்கள். மட்டைக்காரன் ஓடிச் சேரவேண்டிய தளங்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்று, தரையில் வருகிற பந்துகளில் பாதியைப் பிடிக்கிறவர் அவர். ஓடு பதிக்கிற வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். சிட்னி கூட்டித் தருவதாகச் சொன்னதில் பாதியைக் கூட்டித் தந்தால் இங்கேயே நிற்கிறேன் என்றார். நியாயமான பேச்சு. நான் றொஸிடம் போய்க் கெஞ்சினேன். இந்த ஒருவர் போனால் மூன்று பிட்ச்சர்களின் கணக்குக் கெட்டுப்போகும் என்று படம் கீறிக் காட்டினேன். காசில்லை என்றார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பெரிய பெட்டி கடைக்கு வந்தது. உள்ளே ஒரு பெலிக்கன் பறவை வேஷம், அமெரிக்காவில் சொல்லித் தைத்தது. கூட்டத்தைச் சிரிக்க வைக்க மைதானத்தைச் சுற்றி ஓடுமாம். பற்றுச்சீட்டை நான்தான் பதிந்தேன். ஷோர்ட்ஸ்டொப் கேட்ட கூட்டுத் தொகைக்கும் அதற்கும் இருபது டொலர்தான் வித்தியாசம். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். அதை எங்கே காட்டுவது? பற்றுச்சீட்டில் ஓட்டை போடுகிற இயந்திரத்தை இரண்டு தரம் அழுத்தினேன், அவ்வளவுதான்.

அந்த மனிதர் சிட்னி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு, சீருடையைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தார். பெலிக்கன் என் மேசைக்குப் பக்கத்தில் சொண்டைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிப் பார்த்தார், செட்டையைத் தடவிப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில்தான் கேட்டார். "இதற்குள்ளே ஓடப்போகிறவனுக்கு எவ்வளவு?"

யூட்டின் முன்பக்கத்தில்

டேமியனின் ஒப்பந்தத்தை ஒவ்வொரு குளிர்காலமும் நான் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் எங்கே வேலை செய்கிறானோ அங்கே போவேன். பின்பக்கம் திறந்த அவனுடைய யூட் வண்டியில் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்து வைப்பான். தொகை வருஷா வருஷம் விலைவாசிக்கு ஏற்ற மாதிரி ஒரு கிள்ளு ஏறும். அவனுக்குப் பிறகு வந்த, அவனைவிடக் கெட்டிக்காரர் அல்லாத மூன்று பேருக்கு அவனைவிடக் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தோம், ஏனென்றால் அவர்கள் கேட்டார்கள்.

எனக்கு அது தெரியும். வேறு யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, பட்டியலில் எழுதுகிறவனுக்குத் தெரியும். அவன் கேட்கட்டும், உடனே றொஸிடம் பேசுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் கேட்கவில்லை. ஐந்தாம் வருஷம் மனம் ஏதோ உறுத்தி, ஒருக்கால் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையேன் என்றேன். பேனையை வாங்கிக்கொண்டு சிரித்தான். "வாசிக்க என்ன இருக்கிறது? நீதானே எழுதினாய்."

நிருபர் வந்தார்

ஆறாம் வருஷம் நாங்கள் அரையிறுதிக்குப் போனோம். எங்களைவிட மூன்று மடங்கு செலவழித்த அணிகள் வீட்டில் இருந்தன. உள்ளூர்ப் பத்திரிகையில் இருந்து ஒரு நிருபர் கடைக்கு வந்து, காசில்லாமல் இதை எப்படிச் செய்தீர்கள் என்று றொஸைக் கேட்டார். நான் இரண்டடி தள்ளியிருந்து ரெலிபோன் கட்டணத்துக்குக் காசோலை எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷ ஸ்கோர் புத்தகங்கள் என் முதுகுக்குப் பின்னால் அலுமாரியில். றொஸ் என்னைக் காட்டி, இவனுடைய ஊரில் கிரிக்கெட்தான், பாவம், இவனுக்கு ஒன்றும் விளங்காது என்று சிரித்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னதை அந்தப் பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டது. "எனக்கு மனிதர்களைத் தெரியும். ஒருவனைப் பார்த்தவுடனே அவனுடைய பெறுமதியைச் சொல்லிவிடுவேன்."

பெரிய பெயர்

அரையிறுதி றொஸின் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த இரண்டு வருஷமும் கூட்டம் கூடவில்லை என்று புலம்பினார். எட்டாம் வருஷம் முடிந்த கையோடு பங்காளிகளைக் கூட்டி, ரே என்ற அமெரிக்க கேட்சரைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். ரே அங்கே மேல்மட்ட லீக்கில் பல காலம் விளையாடியவர், அவருடைய படம் போட்ட அட்டைகள் இங்கேயும் விற்றன. வயது முப்பத்தெட்டு. அவருக்குக் கொடுக்கிற காசுக்கு டேமியனையும் இரண்டு பதில் ஆட்களையும் நிறுத்த வேண்டும்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் எழுத்தில் எதிர்த்தேன். இரண்டு பக்கம். டேமியன் குந்தியிருக்கும்போது எங்கள் பிட்ச்சர்கள் எப்படி எறிகிறார்கள், அவன் காயப்பட்டிருந்த கிழமைகளில் எப்படி எறிந்தார்கள் என்று ஆட்டம் ஆட்டமாக எழுதிக் கொடுத்தேன். கோப்பிக் கோப்பை வைக்க ஒரு தாள் தேவைப்பட்டது. றொஸ் அதை எடுத்துக் கீழே வைத்தார். கூட்டம் முடிந்தபோது என் முதல் பக்கத்தில் ஒரு மண்ணிற வட்டம் இருந்தது. அதற்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை.

டேமியனுக்கு யார் சொல்வது என்று ஒரு பங்காளி கேட்டார். நீங்கள் சொல்லுங்கள் என்று நான் றொஸைப் பார்த்தேன். அவர் எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டார். "நீயே போய்ச் சொல். சாதுவான ஆட்கள் சொன்னால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்."

கிரான்பர்னில் ஒரு கிடங்கு

கிரான்பர்னில் அப்போது புல்வெளிகளை வெட்டி வரிசை வரிசையாக வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். டேமியன் இடுப்பளவு கிடங்குக்குள் நின்று கழிவுநீர்க் குழாய் பொருத்திக்கொண்டிருந்தான். என் காரைக் கண்டதும் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தான். ஒவ்வொரு வருஷமும் நான் அந்த நேரத்தில்தானே போவேன். தாளை வாங்கக் கையை நீட்டினான். என் கையில் தாள் இல்லை.

எப்படிச் சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. நிர்வாகம், மாற்றம், கூட்டம் வரவேண்டும் என்று றொஸின் சொற்களையே சொன்னேன். என் வாயில் அவை இன்னும் மோசமாக இருந்தன. யார் வருகிறார் என்று அவன் கேட்டான், பெயரைச் சொன்னேன். நல்ல கேட்சர், சின்ன வயதில் அவருடைய அட்டை என்னிடம் இருந்தது என்றான். பிறகு கிடங்குக்குள் இறங்கி, குழாயின் சரிவு சரியா என்று மட்டப்பலகையை வைத்துப் பார்த்தான். நான் சேற்றில் சப்பாத்தோடு நின்றேன். போகவும் முடியவில்லை. ஏசு, கல்லால் எறி, ஏதாவது செய் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவன் நிமிராமலே பேசினான். "குறைந்த சம்பளம் வாங்குகிறவனைக் கடைசியாகத்தான் வெட்டுவார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் நான் ஒருநாளும் கேட்கவில்லை."

செருப்புக் கழற்றுகிற இடம்

அந்த வெள்ளிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட்டேன் என்று சொல்லமுடியாது, சும்மா நின்றேன். வெளியே செருப்புக் கழற்றுகிற இடத்தில் தேவன் அண்ணையைக் கண்டேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். பதினாலு வருஷம் கார் உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நின்றவர். அந்த வருஷம்தான் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. டேமியனின் கதையை முழுக்கச் சொன்னேன். முடிவு என்னுடையதல்ல, எழுத்தில் எதிர்த்தேன், நேரில் போய் மரியாதையாகச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்தார். மற்றக் காலையும் கட்டினார். "ஓம் தம்பி. எங்கட லைனிலயும் ஒருத்தன் இப்பிடித்தான் லிஸ்டோட வந்தவன். அவனும் நல்ல மனிசன்தான், கையெல்லாம் தந்தவன். எனக்கு முதலாளியில கூட அவ்வளவு கோவமில்லை, அவனிலதான் கோவம். சரி, நான் போட்டு வாறன்."

ரேயின் முழங்கால்

ரே வந்தார். பெரிய உருவம், மெதுவான பேச்சு, எல்லாருடைய பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்வார். முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் வந்தது உண்மை. மூன்றாவது இன்னிங்ஸில், குந்தியவர் ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் எழும்பினார். ஐந்தாவதில் வெளியே வந்து ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது கிழமையில் இருந்து பிட்ச்சர்கள் தாழப் போகிற பந்தை எறியப் பயந்தார்கள். இவர் குனிந்து தடுக்கமாட்டார், பந்து பின்னால் போய்விடும். எதிரிகளுக்கு அது தெரிந்துவிட்டது. தொடர்ந்து தோற்றோம். வியாழக்கிழமைகளில் றொஸ் அவரைக் கடைக்குக் கூட்டிவந்து, கம்பள உருளைகளுக்கு நடுவில் இருத்தி, வருகிறவர்களுக்குப் படத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்கச் செய்தார்.

ஒரு வியாழன் ரே என் மேசைக்கு வந்தார். இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார். தன் ஒப்பந்தத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். 'பயிற்சியாளர்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் தேடினேன். எங்கும் இல்லை. உங்களை ஆட்டக்காரராகத்தானே எடுத்தோம் என்றேன். அவர் தாளை மடித்து என்னிடமே தந்தார். முகம் சிவந்திருந்தது, வெட்கமா கோபமா என்று தெரியவில்லை. "முழங்கால் முடிந்துவிட்டது, இனிக் குந்தமுடியாது, பயிற்சி கொடுக்க என்றால் வருகிறேன் என்று உங்கள் முதலாளிக்கு முதல் ரெலிபோன் பேச்சிலேயே சொன்னேனே."

இருந்த காசு

தை மாதம் பிறந்தபோது அட்டவணையில் கடைசி இடத்தில் இருந்தோம். சிட்னி அணி நாலு ஆட்டத்துக்கு வரப்போகிறது, கூட்டம் வருகிற ஒரே தொடர் அது. றொஸ் காலையில் வந்து, அந்தக் குழாய்க்காரனைக் கூப்பிடு என்றார். பழைய தொகை, அரைப் பருவம்தானே மிச்சம், அதில் பாதி.

எனக்குக் கத்த வராது. பேனையை மூடி மேசையில் வைத்தேன். ரேக்கு ஒரு ஆட்டத்துக்கு என்ன விழுகிறதோ அதை டேமியனுக்கும் கொடுத்தால்தான் ரெலிபோனைத் தொடுவேன் என்றேன். றொஸ் முதலில் சிரித்தார். பிறகு, உன்னைக் கோழித் தொழிற்சாலையில் இருந்து தூக்கி எடுத்தவன் நான் என்றார். அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்கள் என்றேன். அதைச் சொன்னபோது மாலதியும் பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள், ஆனால் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் டிக்கற் விற்பனைக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து என் மேசையில் எறிந்தார்.

அன்று பின்னேரமே டேமியனின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு பெரிய காரியம் செய்துவிட்டவனைப் போலத்தான் போனேன். அவனும் மனைவியும் குசினி மேசையில் இருந்தார்கள். தொகையைப் பார்த்தான். மனைவியிடம் தள்ளினான், அவளும் பார்த்தாள். அவர்கள் நன்றி சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். டேமியன் என்னை நேராகப் பார்த்தான். கிடங்குக்குள் நின்றபோது வராத கோபம் அப்போது வந்தது. "அப்படியென்றால், இந்தக் காசு முதலே இருந்ததா?"

\*

அவன் வந்து விளையாடினான். சிட்னிக்காரருக்கு எதிராக நாலில் மூன்று வென்றோம். பருவம் முடியும் வரைக்கும் காலையில் 'வணக்கம்', போகும்போது 'வருகிறேன்'; அதற்கு மேல் என்னோடு அவன் ஒரு சொல் பேசவில்லை. ரே தன் முழங்காலோடு விமானம் ஏறினார். குளிர்காலத்தில் றொஸும் பங்காளிகளும் அணியைக் கைவிட்டார்கள். நான் ஒரு நகரசபையில் வரி அறவிடுகிற பகுதியில் வேலை எடுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் என்னை ஒருவருக்கும் பிடிக்காது, ஆனால் அங்கே வரி வீதம் எல்லாருக்கும் ஒன்று.

கேட்கிறவனுக்குக் கொடுத்து, கேளாதவனிடம் எடுத்து, மிச்சத்தைத் திறமை என்று சொல்லிக்கொள்வதுதான் அந்தத் தொழில் என்றால், அதைக் கற்க எனக்கு ஒன்பது வருஷம் தேவைப்பட்டது கொஞ்சம் அதிகம்தான்.